இரண்டு பெட்டிக்கு ஒரே விலாசம்

அம்மா இறந்த அன்று ப்ரீதாவுக்குக் கனடாவிலிருந்து டிக்கெட் கிடைக்கவில்லை. "தூக்குமுன்ன அம்மா முகத்தை ஒரு தடவை காட்டிரு அக்கா" என்று போனில் கதறினாள். "காட்டுதேன், அழாத" என்று வாக்குக் கொடுத்தாள் மஹாலக்ஷ்மி. அம்பாசமுத்திரத்து அந்த வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது, வைஃபைதான் கதி.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். அம்மா எப்படிப் போனாள் என்று கேட்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டு கேட்ட புண்ணியவான்களும் உண்டு. துக்க வீட்டுக்கு ஒருத்தர் நாற்காலி கொண்டுவருவார், ஒருத்தர் காப்பி கொண்டுவருவார். சித்தப்பா மகன் இசக்கிமுருகன் தன் பழைய மோடத்தைக் கொண்டுவந்தான். "பந்தல் வரைக்கும் நெட்டு எடுக்கும்க்கா, மாட்டிட்டேன்." அவளும் சரி என்று தலையாட்டினாள்.

அதோடு எல்லாம் நின்றது. லேப்டாப்பில் வீடியோ காலில் வந்த ப்ரீதாவின் முகம், அம்மாவைக் காட்டுவதற்குள் உறைந்து, மறைந்தே போயிற்று. அம்மாவைக் குளிப்பாட்ட எடுத்தபோது, மஹாலக்ஷ்மி லேப்டாப்போடு மோடம் இருந்த உள்ளறைக்கு ஓடினாள். மோடத்தை அணைத்துப் போட்டாள். இணைந்திருப்பதாகக் காட்டியது, ஆனால் எதுவும் திறக்கவில்லை.

"மஹா, வாய்க்கரிசி போட வாம்மா!" என்று கோபாலசுப்பிரமணியன் மாமா கூப்பிட்டார்.

"இந்தா வாரேன் மாமா!"

லேப்டாப்பில் மோடத்தின் எண்ணைத் தட்டினாள். திறந்த பக்கம் வீட்டு மோடத்தினுடையது இல்லை, வேறு ஏதோ கம்பெனியுடையது. அப்போதுதான் புரிந்தது. மோடத்துக்கும் விலாசம்போல ஒரு எண் உண்டு. வீட்டு மோடத்துக்கும் இசக்கிமுருகனின் மோடத்துக்கும் கடையிலிருந்து வந்தபோதே ஒரே எண். லேப்டாப் வெளியே அனுப்பியதையெல்லாம், வெளியே வழியே இல்லாத அந்தப் பழைய பெட்டி வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது. பாவி, நல்லது செய்கிறேன் என்று செய்திருக்கிறான். பீரோவுக்குப் பின்னால் கைவிட்டு அவன் செருகிய வயரைப் பிடுங்கினாள். மறுபடி அணைத்துப் போட்டாள். பச்சை விளக்கு வரக் காத்திருந்தாள். வெளியே சங்கு ஊதியது அவள் காதில் விழவே இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் பெண்கள் ஆற்றங்கரைச் சுடுகாடு வரை போகும் வழக்கமில்லை.

"நீ கூட்டத்துக்குள்ள வந்து அரிசி போட்டுட்டன்னுல்லா நெனைச்சோம்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் பக்கத்து வீட்டு சாலோமி.

லேப்டாப்பில் ப்ரீதா வந்தாள். "அக்கா, பார்த்துட்டேன். தெருவுல பாடையில வச்சப்போ சாலோமி அக்கா அவங்க போன்ல காட்டினாங்க."

தெருவில் சிக்னல் எடுக்கும். அது மஹாலக்ஷ்மிக்கும் தெரியும். தோன்றத்தான் இல்லை. பெற்ற தாய்க்கு ஒரு பிடி அரிசி போடாமல் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே! ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ப்ரீதா, குளிப்பாட்டின பொறவு அம்மா எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.