இடுப்பளவு ஆறு

1943 தை மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, எங்கள் வரதராஜன்பேட்டைக் கோயில் பள்ளிக்கூடத்தில் அடைக்கலசாமி தன் நோட்டை வாசித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த பதினெட்டுப் பேரின் கால்களிலும் அட்டைகள் ஏறின. முந்திரி விளையும் காய்ந்த செம்மண் பூமி இது. அட்டையை இங்கே யாரும் கண்டதில்லை. ரங்கூனிலிருந்து மணிப்பூர்க் காடு வழியாக எழுபது நாள் நடந்து தப்பி வந்த வரலாற்றை அவர் அந்த நோட்டில் எழுதியிருந்தார். அடுத்த வாரம் கூட்டம் இருமடங்கு. எல்லோர் மடியிலும் உப்பு. பூசைக்கு வராதவர்கள்கூட அட்டைக்கு வந்தார்கள்.

லீலா மேரி முன்வரிசையில் உட்காருவாள். அவள் கணவன் ஆரோக்கியசெல்வம் ரங்கூன் அரிசி ஆலையில் அடைக்கலசாமியோடு வேலை செய்தவன். நோட்டில் அவன் ஐம்பதாம் நாள் காய்ச்சலோடு பர்மாவின் சிந்த்வின் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனார்கள். அதற்குமேல் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. கல்லறைத் திருநாளுக்கு, செபத்தில் வாசிக்க இறந்தவர்களின் பெயரை எழுதக் கோயில் உபதேசியார் வீடு வீடாக வரும்போதெல்லாம் அவள் தவித்தாள். செத்திருந்தால், செபமில்லாமல், மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடப்பான். உயிரோடிருந்தால், பெயர் கொடுப்பது அவனைத் தன் கையாலேயே புதைப்பது. இரண்டு வருஷம் அவள் பெயர் கொடுக்கவில்லை.

1945 சித்திரையில், பூலாம்பாடியிலிருந்து மாடு வாங்க வந்த கொளஞ்சி ஒரு வாசிப்புக்கு உட்கார்ந்தார். அவர் பர்மாவிலிருந்து உண்மையிலேயே நடந்து வந்தவர். முழங்கால் அட்டையைப் பிய்த்தபடி சிரித்தார்.

"சிந்த்வின் ஆறு இடுப்பளவாம்ல! யானையே முங்கிடுங்க. இவரு நடக்கவே இல்ல. ஆனா ஒண்ணு, நான் நடந்தப்பகூட இம்புட்டு அட்டை கடிக்கல."

அடைக்கலசாமி நோட்டை மூடினார். மறுவாரம் உண்மையை எழுதி வந்து வாசித்தார். கடைசிக் கப்பலுக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்தான் கிடைத்தது. இவர் ஏறினார், ஆரோக்கியசெல்வம் துறைமுகத்தில் நின்றுவிட்டான். அவனோடு சேர்ந்து நடந்திருக்க வேண்டிய தூரத்தைத்தான் நோட்டில் நடந்திருந்தார். அன்று யார் காலிலும் ஒன்றும் ஏறவில்லை.

"கப்பல் கதை சப்புனு இருக்குய்யா" என்று கூட்டத்திலிருந்த கண்ணையன் மடி உப்பைத் தட்டிவிட்டு எழுந்தார்.

எல்லோரும் போனபின் லீலா மேரி மட்டும் இருந்தாள். "அண்ணே, அந்தப் பொய்யையே வாசிங்க. அவரை மட்டும் அக்கரைக்குக் கொண்டாந்துடுங்க."

"எல்லாம் தெரிஞ்சப்புறமுமா, தங்கச்சி?"

"அவரு எங்க இருக்காருன்னு உங்க உண்மைக்குந் தெரியலையே."

ஐந்து மாதம் எழுதினார். ஐப்பசியில் அவளுக்கு மட்டும் வாசித்தார். இடுப்பளவு என்று எழுத இனி அவருக்குக் கை வரவில்லை. ஆரோக்கியசெல்வம் இறங்கினான், தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, தலைக்கு மேல் போயிற்று. அடுத்த வரியில் அக்கரை மணலில் ஈரக் காலடிகள் இருந்தன.

அந்த வருஷம் உபதேசியார் வந்தபோது அவள் வீட்டுக் கொடியில் ஓர் ஆண்சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

"பேரு எழுதிக்கட்டுமாம்மா?"

"வேணாங்க. வந்துட்டாரு. இப்பத்தான் சாப்புட்டுப் படுத்தாரு."

உபதேசியார் உள்ளே எட்டிப் பார்த்தார். பாய் நனைந்திருந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நாலு வருஷமாகியும் அந்தச் சட்டை காயவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அதன்கீழே கீரை விதைத்தாள். கோடையிலும் நன்றாக வந்தது.