நாலு நோட்ஸ் முன்னால்

“ரெண்டு டேப்லெட்டுக்கும் நடுவுல இருக்கற கனெக்‌ஷனை எடுத்துடறேம்மா, அப்புறம் இந்த மாதிரி—”

“அதுல கை வெக்காதடா. உங்கப்பா—”

“அப்பா போய் மூணு மாசம் ஆச்சும்மா.”

“அப்போ போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என் பக்கத்தைத் திருப்பினது யாரு, நீயா?”

ஜேசன் அப்பாவின் டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து உருவினான். மெட்டில்டா வயலினை மடியில் வைத்தபடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ச்சில் அவள் கணவர் எலியேசர் கீபோர்டு, அவள் வயலின். இருபத்தாறு வருஷம். கடைசி நாலு வருஷமாகத்தான் பாட்டுப் புத்தகம் போய் டேப்லெட் வந்தது. அவர் காலடியில் ஒரு பெடல். அதை மிதித்தால் அவருடையதில் பக்கம் மாறும். கூடவே அவளுடையதிலும் மாறும். ஆனால் மனுஷனுக்கு அவசரம். பக்கம் முடிய நாலு நோட்ஸ் இருக்கும்போதே மிதித்துவிடுவார். அந்த நாலையும் குத்துமதிப்பாக வாசித்துவிட்டு, பீர்க்கன்கரணை வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வருவாள்.

“அதே மாதிரி நாலு நோட்ஸ் முன்னாடிடா. மூணு தடவை.”

“இது அன்னிக்கு பீரோல ஆஃப் ஆகிக் கெடந்ததும்மா. உன் வில்லு ஸ்கிரீன்ல பட்டிருக்கும்.”

“நாலு நாலா எண்ணிப் பாத்தா படும், வில்லு?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். “தனியா இருக்கல்ல, அதான் இப்படித் தோணுது.”

“தனியா இல்லன்னுதானே சொல்றேன்.”

எலியேசருடையதில் இருந்ததையெல்லாம் அழித்தான். அவளுடையதில் இணைப்பைத் துண்டித்து ஸ்டாண்டில் வைத்தான். அப்பாவின் டேப்லெட்டும் பெடலும் அவன் தோள்பைக்குள் போயின. கேளம்பாக்கத்தில் தன் வீட்டுக்கு அவன் கிளம்பிய பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை மெட்டில்டா அசையவில்லை.

பிறகு நாளைய பாட்டை எடுத்து வாசித்தாள். முதல் பக்கம் முடிய நாலு நோட்ஸ். கண் தானாகத் திரையில் நின்றது.

மாறவில்லை.

போய்விட்டார். விடாமல் வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வில்லை இறக்கிவிட்டு, பக்கத்தைத் தள்ள விரலை நீட்டினாள்.

விரலுக்கும் திரைக்கும் ஒரு சாண் இருக்கும்போதே, நிதானமாகப் பக்கம் மாறியது.

நீட்டிய கையை மெட்டில்டா மடக்கவில்லை.

“அவருக்கு இவ்வளவு பொறுமை கெடையாதே. நீங்க யாருங்க?”