பதினெட்டுக் கம்பி

என் மனைவி இறந்துபோய் நாற்பத்து மூன்றாவது நாள் அவள் வளர்த்த மீன் சாப்பிடுவதை நிறுத்தியது. நான் நிறுத்தவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டேன், குளித்தேன், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். "மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. உண்மைதான். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் எப்படி மரத்துக் கிடக்குமோ, எனக்கு ஆளே அப்படி மரத்துக் கிடந்தது. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

நான் லிஃப்ட் சோதனை அதிகாரி. கம்பிவடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று எண்ணுவது என் வேலையில் பாதி. எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் லிஃப்டை நிறுத்திவிடுவேன். கெஞ்சினாலும் சரி, முறைத்தாலும் சரி. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணுக்கு நம்பர் பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸைப் பொருத்துகிறவள். இருபத்திரண்டு வருஷம். அந்தக் கடையிலேயே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாருக்கோ கண்ணாடிச் சட்டத்தை முறுக்கிச் சரிசெய்துகொண்டிருக்கும்போது சாய்ந்துவிட்டாள். நான் லிஃப்டின் குழிக்குள் இருந்தேன். அங்கே போன் எடுக்காது.

மீன் அவளுடையது. எங்கள் கூடத்தின் மூலையில் உப்புத் தண்ணீர் டேங்க், அதில் ஒரே ஒரு தேள்மீன். வேறு மீனைப் போட்டால் விழுங்கிவிடும். உடம்பெல்லாம் கிழிந்த துணி மாதிரி தொங்கட்டான்கள், முதுகில் விஷ முள். பாசி பிடித்த கல்லின் மேல் இன்னொரு பாசி பிடித்த கல்லாக உட்கார்ந்திருக்கும். நீந்தாது. நினைத்தால் பக்கத் துடுப்புகளை ஊன்றி நாலு அடி நடக்கும், மறுபடி உட்கார்ந்துவிடும். "இதுக்கு நான் எவ்வளவோ மேல், பாத்ரூம் வரைக்குமாவது போறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அதைக் கொண்டுவந்தபோது அந்த மூலையில் என் சாய்வு நாற்காலி இருந்தது. நாற்காலி பால்கனிக்குப் போனது. நான் குதித்தேன். குதித்துவிட்டு ஒரு சட்டம் போட்டேன்.

"ஊர்ல யாருகிட்டயும் இல்லாத மீனா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். சாதாரண மீனா இருந்தா நாளைக்கே கடைக்குப் போயிடணும். சாதாரண மீனுக்காக நான் வெயில்ல உட்கார முடியாது."

அவள் கடையில் கழுத்தில் மாட்டியிருக்கும் லூப்பை, அந்தக் குட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியை, கண்ணில் வைத்து டேங்க் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கடைகளில் கிடைக்கிற இனத்துக்கும் அபூர்வ இனத்துக்கும் நிறம் ஒன்றுதான், தொங்கட்டான் ஒன்றுதான். வித்தியாசம் பக்கத் துடுப்பில். விரிக்கும்போது குடைக்கம்பி மாதிரி கதிர்கள் தெரியுமாம். பதினாறு இருந்தால் சாதாரணம், பதினெட்டு இருந்தால் அபூர்வம். அரைமணி நேரம் எண்ணினாள்.

"பதினெட்டு" என்றாள், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே.

அன்றிலிருந்து ஒரு சண்டை தொடங்கியது. என்னோடு இல்லை. போனில் தேள்மீன் வளர்ப்பவர்களின் குழு ஒன்று உண்டு, ஏழெட்டுப் பேர், அதில் ஒருவர் பல் டாக்டர். அவர்கள் அதைப் பதினாறு என்கிறார்களாம், இவள் பதினெட்டு என்கிறாளாம். காபி குடித்துக்கொண்டே போனைப் பார்த்து, "இந்தப் பல் டாக்டருக்குக் கண்ணே அவிஞ்சு போச்சு" என்பாள். "படத்தைப் பார்த்துட்டுப் பேசுறாங்க, நான் நேர்ல எண்ணினேன்" என்பாள். நான் சிரிப்பேன். மீனுக்கே பதினெட்டு என்று பேர் வைத்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் செருப்பு மாட்டும்போது நான் அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "என்ன, உன் பதினெட்டு சாப்பிட்டுச்சா?" என்பதுதான். அவள் என்ன பதில் சொன்னாள் என்று ஞாபகம் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன்.

சரி, மீன் சாப்பிடவில்லை. அவள் செய்தபடியே குச்சி நுனியில் இறாலைக் குத்தி, உயிருள்ளது போல ஆட்டிக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறம் வெளுத்திருந்தது. கண்ணின் மேல் பால் ஏடு மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. உப்பு அளவு பார்த்தேன், சரி. சூடு பார்த்தேன், சரி. டேங்க் அடியில் இருந்த அலமாரியில் ஒரு நீல மருந்துப் புட்டி கிடைத்தது. மூடியைத் திறந்துவிட்டுத்தான் மீனை விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"சார், கையில என்ன வச்சிருக்கீங்க?" என்றார் எடுத்த எடுப்பில்.

"மருந்து. நீல புட்டி."

"கீழ வைங்க முதல்ல. மருந்து கிருந்து எதுவும் ஊத்திடாதீங்க. அது தோல் உரிக்குது சார். பாம்பு மாதிரி. மேல பாசி சேர்ந்துடுச்சுன்னா சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வரும். அது வரைக்கும் சாப்பிடாது. அக்கா சொல்லலையா?"

சொல்லியிருப்பாள். நான்தான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருப்பேன்.

அன்று மாலை என் மகள் போன் செய்தாள். வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறாள். ஒரு மாதமாக ஒரே பாட்டு, அவளோடு வந்து இருக்க வேண்டும் என்று.

"அப்பா, ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். கடைக்காரரையும் வரச் சொல்லிட்டேன். டேங்கை அவர் எடுத்துட்டுப் போகட்டும், நீங்க என்கூடக் கிளம்புங்க. அந்த மீனைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் தனியா இருப்பீங்க?"

"சரிம்மா" என்றேன். நாற்பத்து மூன்று நாளாக எல்லாவற்றுக்கும் சரி சொல்லி நாக்கு பழகியிருந்தது.

அவளுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. "அம்மா அதை அபூர்வம்னு சொல்லுவாங்கல்ல. நிஜமாவே அப்படின்னா வேற விஷயம்ப்பா. பெரிய மீன் காட்சிசாலைக்கு எழுதிப் போடுவோம். அவங்க வந்து பார்க்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும், நீங்களும் இருங்க. சாதாரண மீன்தான்னா கடைக்குப் போகட்டும், அதுக்காக நீங்க இங்க கிடக்கிறதுல அர்த்தம் இல்லை" என்றாள்.

என் சட்டம்தான். அச்சு அசலாக. மகள் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அற்பமான சட்டம் என்று பட்டது. ஆனால் அதையும் மரத்துப்போன கன்னத்தால்தான் உணர்ந்தேன். ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. என் மனைவி எண்ணியது சரியாக இருக்க வேண்டும். அந்தப் பல் டாக்டர் கூட்டத்தின் முன்னால் அவள் தோற்றுவிட்டுப் போயிருக்கக் கூடாது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வரும்போது மீன் சட்டையைக் கழற்றியிருந்தது. வெங்காயத் தோல் போல ஒரு சவ்வு பம்ப்பின் வாயில் ஒட்டிக்கிடந்தது. மீன் புதுசாக இருந்தது. இப்படிச் சிவப்பாக அதை நான் பார்த்ததே இல்லை. பாசி இல்லாத துடுப்புகள் கண்ணாடி போலத் தெளிந்திருந்தன.

சனிக்கிழமை காலையில் அவளுடைய லூப்பை எடுத்தேன். அதன் கயிற்றில் அவள் கழுத்துப் பவுடர் வாசனை இன்னும் இருந்தது. டேங்க் முன்னால் மண்டியிட்டேன். என் முழங்காலில் என்னென்னவோ சத்தம் வந்தது. ஒரு குற்றமும் செய்யாமல் கம்பி எண்ண உட்கார்ந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். குச்சியில் இறாலை ஆட்டியதும் மீன் துடுப்பை ஊன்றி என் பக்கம் நடந்து வந்தது, வாயைக் குகை போலத் திறந்து கொட்டாவி விட்டது, இரண்டு துடுப்பையும் முழுசாக விரித்தது. இறாலைக் கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டே எண்ணினேன். இடது பக்கம் பதினாறு. வலது பக்கம் பதினாறு. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, விளக்கைப் பக்கத்தில் பிடித்து ஒரு தடவை. பதினாறு. முப்பது வருஷமாக எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன் நான். எண்ணிக்கையை என் விருப்பத்துக்கு மாற்ற எனக்குத் தெரியாது.

இறாலைக் கொடுத்தேன். லபக்கென்று போனது.

அவள் போனை எடுத்தேன். அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழுவைத் திறந்து எழுதினேன்: "நான் அவளுடைய கணவன். இன்று நானே எண்ணினேன். பதினாறுதான். மூன்று வருஷமாக உங்களோடு வாதாடியதற்கு அவள் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்."

ஐந்து நிமிஷத்தில் பல் டாக்டரே கூப்பிட்டார்.

"சார், அவங்க எங்ககூட எப்ப வாதாடினாங்க?"

"உங்களுக்குக் கண்ணே தெரியலைன்னு தினமும் திட்டுவாளே."

அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை சார். முதல் நாளே பதினாறுன்னு எழுதினது அவங்கதான். அவங்களுக்கா எண்ணத் தெரியாது? மேல போய்ப் பாருங்க. நான் வேற என்ன சொல்றதுன்னு தெரியலை."

விரலால் தள்ளித் தள்ளி மூன்று வருஷத்துக்கு மேலே போனேன். மீன் வந்த அன்று சாயங்காலம் அவள் எழுதியிருந்தாள்: "பதினாறுதான். ஆனா எங்க வீட்டுக்காரர்கிட்ட பதினெட்டுன்னு சொல்லிட்டேன். அவருக்கு எதுவா இருந்தாலும் விசேஷமா இருக்கணும், இல்லன்னா இடம் கொடுக்க மாட்டார். யாராவது போட்டுக் கொடுத்தீங்க, முள்ளை எடுத்துக் குத்திடுவேன்." கீழே ஆறு பேர் சத்தியம் செய்திருந்தார்கள். கடைக்காரரும் அதில் ஒருவர்.

உங்களிடம் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். தினமும் காலையில், அவள் சமையலறையில் இருக்கும்போது, பல் துலக்கிக்கொண்டே நான் அந்த டேங்க் முன்னால் நிற்பேன். மீன் அங்கே இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்ததும் ஒரு சின்ன சந்தோஷம் வரும். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். மீன் வந்து ஒரு வருஷம் கழித்து அவள் எழுதியிருந்தாள்: "இப்பெல்லாம் பிரஷ்ஷை வாயில வச்சுக்கிட்டு அது முன்னாடியே நிக்கிறார். கேட்டா தண்ணி கலங்கியிருக்கான்னு பார்த்தேங்கிறார். இன்னிக்கு உண்மையைச் சொல்லிடலாம், அனுப்ப மாட்டார். ஆனா அவர் என்னைக் கேலி பண்றது நல்லா இருக்கு, அதனால சொல்லலை."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். மூன்று வருஷம் ஏமாற்றியிருக்கிறாள், வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. போனை மறுபடி சார்ஜில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். பின்னாலேயே கடைக்காரர், இரண்டு பெரிய வாளியும் ஒரு நீளக் குழாயுமாக. உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாளியைப் பார்த்தார். குழுவில் நான் எழுதியதைப் படித்திருக்கிறார்.

"எண்ணிப் பார்த்தீங்களாப்பா?" என்றாள் மகள், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"பார்த்தேன்."

"எத்தனை?"

முப்பது வருஷத்தில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை.

"பதினெட்டு" என்றேன்.

மகள் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் டேங்க் அருகே குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், உதடு அசைய அசைய எண்ணினார். நாடகம் நன்றாகவே ஆடினார். நிமிர்ந்து, "பதினெட்டுதாம்மா. இது நம்ம கடைக்கு லாயக்குப்படாது. இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாளிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப அம்மா சரியாத்தான் எண்ணியிருக்காங்க" என்றாள் மகள். அவள் குரல் உடைந்துவிட்டது.

"உங்கம்மா என்னிக்கு வாழ்க்கையில தப்பா எண்ணியிருக்கா?"

அதைச் சொல்லி முடித்ததும் வலித்தது. ஊசியின் வேகம் இறங்கும்போது பல் இருந்த இடம் மெல்ல மெல்ல வலிக்கத் தொடங்குமே, அப்படி. எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மகள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் வாளிகளை வாசலில் வைத்துவிட்டு, போகவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் பால்கனியிலிருந்து என் நாற்காலியைத் தூக்கி வந்தாள். டேங்க் பக்கத்தில் போட இடம் போதவில்லை. சாப்பாட்டு மேஜையை ஒரு முழம் தள்ளிப் போட்டோம்.