பெயின்டுக்கு அடியில்

தப்பு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாரும் என் அம்மாவைத்தான் திட்டுவீர்கள்.

மேட்டூரில் உபரி நீரைத் திறந்துவிட்டதும் பள்ளிபாளையத்தில் ஆற்றோரம் இருக்கிற எங்கள் தெருவுக்குள் காவிரி நுழைந்தது. வீட்டில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள். அம்மாவும் நானும் கல்யாண மண்டபத்தில் பொட்டலச் சோறு தின்று கிடந்தோம். அதே வாரத்தில் அக்கா தீபிகாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்து, ஈரோட்டில் ஆண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. மூச்சுக்குத் திணறி மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். "நுரையீரல் இன்னும் பலப்படலை. தூசி, புகை, சுவர் ஈரம், பூசணம் எதுவும் பக்கத்துல ஆகாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்காவின் மாமியார் சுப்பம்மாள் ஆஸ்பத்திரியிலேயே கேட்டார். "நாமக்கல்லுக்கு எங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போறமுங்க. மேடான ஊடு, நல்லாக் காத்து வரும்."

அம்மா விடவில்லை. "மொதப் பிரசவமுங்க. எங்க ஊட்டுல வெச்சுப் பாக்காம உங்ககிட்ட உட்டா, நாலு பேரு என்னைய என்னங்க கேப்பாங்க?"

அப்பா போன பிறகு தறி ஓட்டி அக்காவைக் கட்டிக்கொடுத்தவள் அவள். அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் சம்பந்தி வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பிச்சை எடுப்பதற்குச் சமம். அந்த வீம்பு எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வீம்பில்தான் நானும் வளர்ந்தேன்.

கொத்தனார் காளிதாஸ் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "தண்ணி ஏறுன மட்டத்துக்கு மேல ரெண்டடி வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துரோணுங்க. சன்னலெல்லாம் தொறந்து போட்டு ஒரு மாசம் காத்துல காயோணும். அப்பறம்தான் பூசறது."

"பத்து நாள்ல குழந்தை வருதுங்க" என்றாள் அம்மா.

அங்கேதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற கேஸ் ப்ரூடர் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். குஞ்சுக் கொட்டகையில் படுதாவை இறக்கிச் சூட்டை அடைப்பதுபோல, சன்னல்களைச் சாத்தி மூன்று நாள் எரியவிட்டேன். உள்ளே போனால் வேர்த்துக் கொட்டியது. சுவர் தோசைக்கல் மாதிரி சுட்டது. காய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். கேஸ் எரிந்தால் அதிலிருந்தும் ஈரம் வரும், அடைத்த அறையில் அதற்குப் போக வழியில்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

காளிதாஸ் மறுபடி தட்டினார். "மேலாப்புலதானுங்க சுடுது. உள்ள இன்னும் ஈரந்தானுங்க."

"பழைய பூச்சு மேலயே பட்டி மாவு பூசிருங்கண்ணா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இளம் ரோஸ் நிறம் அடித்தோம். அம்மா அறை அறையாகப் போய்ப் பார்த்துப் பூரித்தாள்.

வியாழக்கிழமை பண்ணையில் ஒரு தடுப்பிலிருந்த குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பண்ணை டாக்டர் செத்த ஒன்றை அறுத்துக் காட்டினார். நுரையீரலில் தினை அளவுக்கு மஞ்சள் கட்டிகள். கீழே பரப்பியிருந்த உமியைக் கிளறினார். மேலே புது உமி, அடியில் நனைந்து பூசணம் பிடித்த பழசு. "பழசை அள்ளாம மேல கொட்டுனது யாரு?" என்று கத்தினார். ஒரு ஆள் தலையைச் சொறிந்தான். அவனைத் திட்ட வாயெடுத்தபோது எங்கள் வீட்டு ரோஸ் சுவர் ஞாபகத்துக்கு வந்தது.

அம்மாவுக்கு போன் செய்தேன். "செவுரு கண்ணாடியாட்டம் இருக்குது, நீ வேலையப் பாரு" என்றாள். கொட்டகை மொத்தத்தையும் அள்ளிக் கழுவாமல் என்னை யாரும் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்தேன். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் குழந்தையை வீட்டுக்குள் அழைத்துவிடுவதாகப் பேச்சு.

அக்கா படுக்கப்போகும் அறையில் பீரோவை நகர்த்தினேன். பின்னால் ரோஸ் பெயின்ட் அப்பளம் போல உப்பியிருந்தது. வெடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள். ஈரக் கோணி நாற்றம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் சுண்டிப்போனது, ஒரு நொடிதான். முந்தானையால் துடைத்தாள். கறுப்பு இன்னும் பரவியது.

"பீரோவைத் தள்ளு."

"குழந்தைக்கு ஆகாதும்மா."

"தள்ளுடா. ஒரு வாரம் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அந்தம்மா முன்னாடி வாயத் தொறந்தீன்னா நான் உனக்கு அம்மாவே இல்லை."

தள்ளினேன். வெறும் மிரட்டல் என்று தெரியும். தெரிந்தும் தள்ளினேன்.

பத்தேகாலுக்குக் கார் வந்தது. மச்சான் மோகன்குமார் ஓட்டி வந்தார். அக்கா துண்டில் சுற்றிய குழந்தையோடு இறங்கினாள், பின்னாலேயே சுப்பம்மாள். அம்மா ஆரத்தி சுற்றினாள். நான் குழந்தையைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது.

அக்கா வலது காலைத் தூக்கினாள். நான் வாசலில் குறுக்கே கையை நீட்டிவிட்டேன்.

"அக்கா, உள்ள வராத."

"என்னடா வெளையாட்டு?"

"ஜீவா!" அம்மாவின் தட்டு ஆடி ஆரத்தி நீர் சிந்தியது.

உள்ளே ஓடிப் பீரோவை இழுத்தேன். கொத்தனார் விட்டுப்போன பட்டித் தகட்டை எடுத்துச் சுவரைச் சுரண்டினேன். ரோஸ் பாளம் பாளமாக விழுந்தது. அடியில் சுவர் கன்னங்கரேல் என்று இருந்தது. மச்சானும் சுப்பம்மாளும் அறை வாசலில் நின்று பார்த்தார்கள்.

"கொத்தனார் வேண்டாம்னாருங்க. நாந்தான் கேக்கலை. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். கடைசி வாக்கியம் பொய்.

சுப்பம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அன்னைக்கே சொன்னனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் ஏறினார். அதற்குள் அக்கா குழந்தையின் முகத்தைச் சேலையால் மூடிக் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். மச்சான் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

நான் வெளியே வந்தபோது அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலிலேயே நின்றாள். தறியெல்லாம் தண்ணீரில் மூழ்கியபோதுகூட அவள் முகம் அப்படி ஆனதில்லை. அவளைத் தெருவில் வைத்து அவமானப்படுத்தியவன் நான்.

தட்டை என் கையில் திணித்துவிட்டுக் கார்ப் பக்கம் போனாள்.

"சம்பந்தியம்மா." கதவருகே குனிந்தாள். "நானும் வரட்டுங்களா? பேரனப் பாத்துக்கோணும், புள்ளைக்குப் பத்தியம் ஆக்கோணும். ஒரு மூலையில படுத்துக்கறனுங்க."

"மூலையில எதுக்குங்க?" என்று சுப்பம்மாள் நகர்ந்து இடம் விட்டார். "ஏறுங்க."

மாற்றுச் சேலைகூட எடுக்காமல் அம்மா ஏறினாள். வீட்டையோ என்னையோ அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா குழந்தையை அவள் மடியில் வைத்தாள். கார் தெருமுனையில் திரும்பும்வரை, அம்மா குனிந்து அந்தப் பயலின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.