பானை இருக்கும் வீடு

தோஃபு விற்கும் பெங் சித்தி வாளிகளை வாசலில் இறக்கி வைத்தபோது நான் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“ஒங்கக்கா வென்சியூவுக்குக் கலைஞ்சிருச்சாம்டி. மூணு மாசம். நாப்பது வயசுல உண்டானதையே யாருகிட்டயும் மூச்சு விடல பாரு. அந்த ஒடம்போட ஆத்தங்கரைல யிமூ செடி தேடிக்கிட்டு நின்னா. எதுல காய்ச்சுவாளோ?”

கரண்டி பாதியில் நின்றது. யிமூ என்றால் தாய்க்கு நல்லது. பிள்ளை பெற்றவளும், பிள்ளை நழுவியவளும் குடிக்கும் கசப்பு. இரும்பிலோ அலுமினியத்திலோ காய்ச்சினால் கெட்டுவிடும், மண்பானைதான் வேண்டும். அக்காவின் மண்பானை இரண்டு வருஷமாக என் அடுப்படியில் இருக்கிறது.

என் பிரசவத்துக்கு அவளிடம் இரவல் வாங்கியது. மருந்துப் பானையை யாரும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் சீக்கையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். தேவைப்படுகிறவள்தான் வந்து எடுத்துப்போக வேண்டும். குழந்தையின் முதல் மாத விருந்தில், “தலையத் தாங்கிப் புடிடி” என்று அக்கா சொன்னாள். “பெத்துப் பாத்தவ மாதிரி பேசாத” என்றேன், அத்தனை பேர் முன்னால். சிவப்புச் சாயம் பூசிய முட்டையைக் கையில் வைத்தபடியே எழுந்து போனாள். அப்புறம் வரவில்லை.

பானையை எடுக்கவாவது வரமாட்டாளா என்று எத்தனையோ சாயங்காலம் நினைத்திருக்கிறேன். அரைத்தூக்கத்தில் வந்தும் இருக்கிறாள்: ஆற்று மூட்டத்திலிருந்து, முகம் தெரியாமல், இரண்டு கைகளை மட்டும் நீட்டிக்கொண்டு. நானும் சந்தோஷமாகப் பானையைக் கொடுப்பேன். அவள் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டபோதெல்லாம் அவளுக்குச் சீக்கு வரவேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன் என்பது அன்று காலைதான் எனக்குப் புரிந்தது.

குழந்தையைச் சித்தியிடம் விட்டுவிட்டுக் கரைக்குப் போனேன். இடுப்பளவு உயர்ந்த செடிகள். கணுவுக்குக் கணு வளையமாக ஊதாப் பூக்கள். பனி இன்னும் விலகவில்லை. நான் அறுப்பது எனக்கே வேறு யாரோ அறுப்பது போலக் கேட்டது. வீட்டுக்கு வந்து, இஞ்சி தட்டிப் போட்டு, மூன்று கிண்ணத் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை அதே பானையில் காய்ச்சினேன். பானையை எடுத்துப் போகக் கூடாது என்றுதான் வழக்கம். காய்ச்சிய மருந்தைப் பற்றி அந்த வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பாலம் தாண்டினேன்.

அக்கா கட்டிலில் கிடந்தாள். அவள் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, கைகளை.

“பானையத் தூக்கிட்டு வந்துட்டியோன்னு பயந்தேன்.”

“அவ்ளோ கூறுகெட்டவளா நானு?”

“கொஞ்சமாவா?”

மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள். ஆவி ஏறி அவள் கண்கள் மறைந்து மறைந்து தெரிந்தன.

“இஞ்சிய அள்ளிக் கொட்டியிருக்க” என்றாள். பிறகு, “இன்னும் ஆறு நாள் குடிக்கணும். நாளைக்கு நானே வந்து பானைய எடுத்துக்கறேன்.”

இரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வந்தே விட்டது.

“வேணாம்க்கா. அது எங்க வீட்லயே இருக்கட்டும். நான் காய்ச்சிக் கொண்டாறேன்.”

“ஏன்டி, என் பானைய எனக்கே தரமாட்டியா?”

“தரமாட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க எடுத்து வந்த வாக்கியம் என் வாயிலேயே கிடந்தது. வெளியே யாரோ வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் பிளாஸ்கைத் திருகி மூடிவிட்டுக் கட்டிலருகில் நின்றேன். போர்வைக்குள் அவள் கால்கள் மெல்ல மடங்கின. கட்டிலின் ஓரத்தில், ஒருத்தி உட்காரலாம் என்கிற அளவுக்கு, கொஞ்சம் இடம் வந்தது.