உன் இஷ்டம்

ஆப்ஷனல் என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம் என்று கடலூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவள்தான் அனுப்பிரியா. கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த பிறகு அந்த ஒற்றைச் சொல் அவளைப் படுத்தி எடுத்தது.

உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போக ஆசையென்றால் அப்படியொரு ஆசை. மாமியார் தில்லையம்மாளிடம் கேட்டாள்.

"போறதும் போவாததும் உன் இஷ்டம்மா," என்றார் அவர், முருங்கைக்கீரை உருவியபடியே. தலையை நிமிர்த்தவில்லை.

இதற்கு என்னதான் அர்த்தம்? அவள் அப்பா "உன் இஷ்டம்" என்றால், வாயை மூடு என்று அர்த்தம். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் "மொறை செய்யறது உங்க இஷ்டம்" என்றார்கள்; செய்யாதவர்களை இன்னமும் வறுத்தெடுக்கிறார்கள்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் கணவன் சிலம்பரசனைக் கேட்டாள்.

"அதான் அம்மா சொல்லிட்டாங்களே. ஆப்ஷனல்."

"உங்க கம்பெனியில ஞாயித்துக்கெழம டூட்டியும் ஆப்ஷனல்தான். ஒரு வாரம் போவாம இருந்து பாருங்களேன்!"

"அது வேற, இது வேற," என்று சிரித்தான்.

அதன்பிறகு மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை 'ணங்'கென்று வைத்தால் கோபமோ? மெதுவாக வைத்தால் உள்ளுக்குள் கோபமோ? மண்டை காய்ந்துபோனது. சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சரி, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். போனை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நல்ல மருமகள் என்ற பெயராவது மிஞ்சும் என்று தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் தில்லையம்மாள் கடைத்தெருவிலிருந்து வந்தார். "திங்கக்கெழம எத்தினி மணிக்குக் கெளம்பணும்? வெள்ளனவே சோறு ஆக்கிடறேன்."

"நான் வேலைக்கு வரலன்னு சொல்லிட்டேன் அத்தை."

"ஏம்மா?"

"நீங்கதான... உன் இஷ்டம்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்." தில்லையம்மாள் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இந்த வூட்டுக்கு வந்து இத்தினி வருசத்துல எங்கிட்ட ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்ல. வர்ற மருமகளுக்காச்சும் சொல்லணும்னு மனசுலயே வெச்சிருந்தேன். வேற எப்பிடிம்மா சொல்லியிருக்கணும்?"