அரைத் திருகில் நிற்கட்டும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முகமது யாசீன் கட்டிய பார்சல், லாரியிலிருந்து விழுந்தாலும் அவிழாது என்று பரவை வரைக்கும் பேர்.

அவன் மனைவி ஷைமா, கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரில் பார்த்த த்ரீடி அச்சு வேலையை விட்டு வந்தவள். உன் வேலை இங்கேயும் நடக்கும் என்று பெண் பார்த்த அன்றே யாசீன் வாக்குக் கொடுத்திருந்தான். கடையில் தினம் முப்பது வாக்குக் கொடுப்பவன்தான். ஆனால் இது தள்ளுபடி வாக்கு இல்லை.

அவள் வாங்கிய த்ரீடி பிரிண்டர் உதிரி உதிரியாகப் பெட்டியில் வந்தது. முறிந்த விரலுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறைக்கு ஒரு மாதிரி, சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று கே.கே. நகர் கிளினிக் ஒன்று கேட்டிருந்தது. பிடித்துப்போனால் மாதாமாதம் ஆர்டர். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வியாழக்கிழமை, அசத்திவிடலாம் என்று யாசீனே இயந்திரத்தைப் பூட்டி முடித்தான். ஒவ்வொரு திருகையும் போட்டதுமே விரல் வீங்க இறுக்கினான்.

மறுநாள் அவள் வந்து ஓட்டிப் பார்த்தாள். சட்டம் கோணியிருந்தது; அச்சு முனை பாதித் தூரத்தில் முக்கி நின்றது. யாசீன் கம்பெனிக்காரனைத் திட்டினான், கொண்டுவந்தவனைத் திட்டினான், திட்ட ஆள் தீர்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"மச்சான், இது பார்சல் இல்ல. எல்லாத் திருகும் ஏறுற வரைக்கும் அரைத் திருகுலயே நிக்கட்டும். சட்டத்துக்கும் உக்கார இடம் வேணும்ல."

எல்லாவற்றையும் தளர்த்தினாள். கழன்ற திருகுகளை நீளம் பார்த்து அஞ்சறைப் பெட்டியில் பிரித்துப் போட்டாள். சட்டத்தை அடுப்படி கிரானைட் மேடையில் வைத்து லேசாக அசைத்து உட்காரவிட்டாள். மூலைமட்டம் இல்லையே என்று அவள் யோசிக்க, யாசீன் கடை டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தான். மேஜை விரிப்பு கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கடையில் அப்படித்தான் பார்ப்பானாம். இரண்டு குறுக்களவும் ஒன்றானதும் அவள் பிடிக்க, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான்.

கடைசியாக, அச்சு முனைக்கும் அதன் கீழே பிளாஸ்டிக் படியும் தட்டுக்கும் நடுவே பில் தாளை நுழைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். லேசாக உரசலாம், பிடிக்கக் கூடாது. அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. யாசீன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். துணியைத் தொட்டே நூல் நம்பர் சொல்கிற விரல்.

"இந்த மூல மட்டும் ஒரு இழை தூக்கல், ஷைமா."

சரிசெய்தார்கள். முதல் வரி தட்டில் படிந்து ஓடியது.

சாயங்காலம் முதல் உறையை அவனுடைய வீங்கிய விரலில் மாட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் லூசு."

"இருக்கட்டும் மச்சான்."

கிளினிக்குக்கு இன்னொன்று அடிக்க வேண்டியிருந்தது. முதல் உறையைக் கழற்றித் தர அவன் கடைசி வரை படியவில்லை.